சிலந்திப் பெட்டியிற் காற்றோட்டம்

சிலந்தியைக் கண்டால் தும்புத்தடியைத் தேடுவதே நம்மவர் வழக்கம். அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து உணவூட்டி வளர்ப்பாரும் உளர் என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் டரான்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளை விருப்புடன் வளர்ப்போர் பல்லாயிரவர். இலண்டனில் வசிக்கும் என் உறவினரான இளைஞர் ஒருவரும் அவர்களைச் சேர்ந்தவரே. அவர் வாங்கிய முதற் சிலந்தி மூன்றே மாதங்களில் இறந்துபோயிற்று. பட்டினியால் இறக்கவில்லை, அவர் அதன்மேற் காட்டிய மட்டுமீறிய கரிசனையால் இறந்தது.

அச்சிலந்தி தென்னமெரிக்காவின் வடபகுதிக் காடுகளுக்குரியது. கரிய உடலும், கால் நுனிகளில் இளஞ்சிவப்பு நிறமும் கொண்டது. மரங்களில் பட்டு நூலாற் குழாய் போன்ற கூடமைத்து வாழ்வது. மரியா சிபில்லா மேரியன் என்னும் ஓவியப் பெண்மணி 1699 முதல் 1701 வரை சூரினாமில் தங்கி, ஆங்குள்ள பூச்சிகளையும் செடிகளையும் வரைந்து, 1705 இல் நூலாக வெளியிட்டார். அதிலுள்ள ஒரு படத்தில், கொய்யாக் கிளையொன்றிற் பெருஞ்சிலந்தி ஒரு சிறு பறவையைப் பற்றியிருக்கக் காணலாம். லின்னேயஸ் 1758 இல் அவ்வினத்துக்குச் சூட்டிய பெயரும் சிறு பறவை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. இன்று அதனை அவிக்குலாரியா என்பர். உண்மையில் அதன் உணவு பெரும்பாலும் பூச்சிகள்தாம்.

மழைக்காட்டுச் சிலந்தி என்று கேள்வியுற்ற நம் இளைஞர், மழைக்காடென்றால் ஈரம் என்று மாத்திரம் விளங்கிக்கொண்டார். மாரிகாலத்தில் வெப்பமூட்டி இயங்கும் அறையிற் காற்று வறண்டிருக்கும் என்பதும் அவருடைய கவலை. ஆகவே பெட்டியின் அடியிற் பரப்பிய தென்னந்தும்புத் தூளை நன்றாக நனைத்தார். நாள்தோறும் இருமுறை நீர் தெளித்தார். அந்த ஈரமும் வெளியேறிவிடாதபடி மூடியிலிருந்த துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்தார். சில நாட்களிற் கண்ணாடியில் நீர்த்துளிகள் நிலைத்து நின்றன. பின்னர் தும்பிலே வெண்பூஞ்சணம் பூத்தது. சிலந்தி கூட்டை விட்டு வெளியேறி மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாட் காலை, கால்கள் யாவும் உள்மடிந்தபடி தரையிற் கிடந்தது. (சிலந்தி தன் கால்களை நீட்டுவது உடலிலுள்ள குருதியின் அழுத்தத்தால். உயிர் நீங்கி அவ்வழுத்தம் அற்றதும் கால்கள் தாமே மடங்கிவிடும்.)

மழைக்காட்டில் ஈரம் உண்டு என்பது மெய்யே. ஆனால் அங்கே மரக்கிளையிற் காற்றும் அசைந்துகொண்டிருக்கிறது. நம் இளைஞர் ஈரத்தைக் கொடுத்துக் காற்றை நிறுத்திவிட்டார்.

அப்படியாயின் அது மூச்சுத் திணறி இறந்ததோ என்று கேட்பீர்கள். அவ்வாறு கொள்வதற்கில்லை. சிலந்தி நம்மைப்போல் நெஞ்சை விரித்துச் சுருக்கிச் சுவாசிப்பதில்லை. டரான்டுலாவின் வயிற்றடியில் இரண்டு சோடி ஏட்டு நுரையீரல்கள் உள. மெல்லிய தகடுகள் புத்தகத்தின் ஏடுகள் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடையே காற்றும், உள்ளே செப்புக் கலந்த நீலக் குருதியும் இருக்கும். ஒட்சிசன் தானாகவே ஊடுருவிச் சேரும். நாட்கணக்கில் அசையாதிருக்கும் இப்பிராணிக்கு வேண்டிய ஒட்சிசன் மிகச் சொற்பம். மூடியின் இடுக்குகளால் நுழையும் காற்றே பெரும்பாலும் போதும். ஆகவே பெட்டியிலே காற்றோட்டத்தின் தலையாய வேலை, தேங்கி நிற்கும் ஈரத்தை வெளியே கொண்டுசெல்வதாகும். ஈரம் தேங்கினால் எஞ்சிய இரையிலும் கழிவிலும் பூஞ்சணமும் பற்றீரியாவும் உண்ணிகளும் பெருகும். மரவாழ் சிலந்திகள் இதனைத் தாங்கமாட்டா என்பதைப் பலர் நம் இளைஞரைப் போலவே இழந்து அறிந்தனர்.

இனி, துளைகளை எங்கே இடுவது? வெப்பமான காற்று மேலெழும் என்பது தெரிந்ததே. ஈரக்காற்றும் உலர்ந்த காற்றிலும் இலேசானது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுவே. எனவே ஒரு பக்கச் சுவரிலே தும்புக்குச் சற்று மேலாக ஒரு வரிசைத் துளைகளும், எதிர்ச்சுவரின் மேற்பகுதியில் மற்றொரு வரிசையும் இட்டால், கீழே புகுந்த காற்று பெட்டியைக் குறுக்கே கடந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலால் வெளியேறும். சுவரின் உச்சியிற் காற்றுத் துவாரம் விட்டு வீடு கட்டிய நம் முன்னோர் செய்ததும் இதுவே. மூடியில் மாத்திரம் துளையிட்டால் அடியிலுள்ள காற்று எளிதில் அசையாது.

காற்று வேண்டுமென்று மூடி முழுவதும் கம்பிவலை அடிப்பது இன்னொரு பிழை. கடைகளில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் இவ்வலையே உண்டு. சிலந்தியின் பாதத்து நகங்கள் வலைக்கண்ணிற் சிக்கினால், அது தலைகீழாகத் தொங்கித் தவித்துக் காலை இழக்கும். இழந்த கால் பின்னர் தோலுரிக்கும்போது மீண்டும் வளரக்கூடும். ஆனால் தரைவாழ் இனங்கள் பருத்த வயிறுடையவை. உயரத்திலிருந்து விழுந்து வயிறு வெடித்தாற் பிழைப்பது அரிது. ஆதலால் அவற்றுக்கு மண்ணிலிருந்து மூடிவரையுள்ள உயரம், கால்விரிந்த அகலத்தின் ஒன்றரை மடங்கை மிஞ்சலாகாது. வலையைக் கழற்றி, துளையிட்ட அக்கிரிலிக்குத் தகட்டைப் பொருத்துவதே நன்று. வளர்ந்த சிலந்திக்கு 3 மில்லிமீற்றர் துளை பொருந்தும். குஞ்சுக்கோ, அதன் தலைப்பகுதியின் கடின ஓட்டிலும் துளை சிறிதாயிருத்தல் வேண்டும். ஓடு நுழைந்தால் மெத்தென்ற வயிறும் பின்னால் நுழைந்துவிடும். துளையின் விளிம்பைத் தேய்த்து மழுக்குக. காய்ச்சிய கம்பியாற் பிளாத்திக்கிலே துளையிடுவோர் அதனை வெளியே வைத்துச் செய்து, புகை நாற்றம் முற்றாக நீங்கிய பின்னரே சிலந்தியை உள்ளே விடல் வேண்டும்.

காற்று மிகுந்தால் வறட்சியும் மிகும். சிறு குஞ்சுகள் விரைவில் வாடிவிடும். அதற்காகத் துளையை அடைப்பது தவறு. ஆழமற்ற கிண்ணமொன்றில் நீர் வைத்து, தும்பின் ஒரு மூலையை மாத்திரம் நனைத்தாற் போதும்.

வெப்ப நாட்டில் வாழ்வோருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். துளைவழியே எல்லாக் காற்றும் புகும்; நுளம்புச் சுருளின் புகையும் புகும். அதிலுள்ள மருந்து நுளம்பையும் சிலந்தியையும் வேறுபடுத்தி அறியாது. இதனைக் கேட்டு, நம் காட்டு மரப்பொந்துகளில் வாழும் புலிமுகச் சிலந்தியைப் பிடித்து வளர்க்க எவரும் எண்ணவேண்டா. அவ்வினம் அருகி வருவதால் அதன் சர்வதேச வியாபாரம் 2019 இல் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டது. அது மரத்திலேயே இருக்கட்டும்.

இலண்டன் இளைஞர் பின்னர் மற்றொரு அவிக்குலாரியாவை வாங்கினார். இம்முறை பெட்டியின் இரு பக்கங்களிலும் துளைகள் உள. தும்பு பெரும்பாலும் உலர்ந்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்திற் சிறிது நீர் தெளிக்கிறார். மாலையில் தெளித்த நீர் மறுநாட் காலையிற் கண்ணாடியில் எஞ்சியிருந்தால், இன்னும் இரண்டு துளைகள் இடுவதற்காகத் துளைகருவியை எடுக்கிறார். அதற்கு முன் சிலந்தியை வேறொரு பெட்டிக்கு மாற்றிவிடுகிறார்.