டாவின்சி போட்ட அப்ளிகேஷன்

நான் படித்தது பி.காம். ஆனாலும் டிசைன் வேலை தேடும் தம்பிகள் ரெஸ்யூமேயை என்னிடம்தான் நீட்டுகிறார்கள். கண்ணைப் பறிக்கிறது! நாலு கலர், வட்டத்துக்குள் போட்டோ, 'போட்டோஷாப் 90%' என்று ஒரு பட்டை. மீதி 10 யாரிடம் இருக்கிறதாம்?

லியோனார்டோ டாவின்சியும் வேலை கேட்டு எழுதியவர்தான். 1482 வாக்கில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கென்று தயாரித்த கடிதத்தில் தூக்கிப் போகிற பாலம், பீரங்கி, கவச வண்டி என்று வரிசையாக அடுக்குகிறார். 'படமும் வரைவேன்' என்கிற சமாச்சாரம் கடைசியில்தான்! ஆளுகிறவருக்கு என்ன தேவை என்று தெரிந்து எழுதியிருக்கிறார் மனுஷர். பிற்பாடு 'கடைசி விருந்து' ஓவியத்தை அவரிடம் வரையச் சொன்னதும் அதே லுடோவிகோதான்.

ஆகவே, அவர்களுக்கு வேண்டியது முதலில். உங்களுக்குப் பிடித்தது அப்புறம். பேக்கேஜிங் கம்பெனியா? நீங்கள் செய்த டப்பா டிசைன் மேலே வரட்டும். மொபைல் ஆப் கம்பெனியா? ஸ்கிரீன் டிசைன்.

பெயருக்குக் கீழேயே போர்ட்ஃபோலியோ லிங்க். அது திறக்கிறதா என்று அடுத்தவர் போனில் பார்த்துவிடுங்கள். 'டீமில் இருந்தேன்' என்றால் போதாது. லோகோ வரைந்தீர்களா, கலர் மட்டும் சொன்னீர்களா? அதை எழுதுங்கள்.

பல பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். படமாகப் போட்ட எழுத்து அதன் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். எளிமையான ஒரே பக்கம் போதும், வித்தையெல்லாம் போர்ட்ஃபோலியோவில்.

அப்புறம், அந்த ரத்த குரூப் எதற்கு? இன்டர்வியூவுக்குத்தானே போகிறீர்கள், ஆபரேஷனுக்கா?