பால் மரத்தின் பௌதிகம்

கோலசிலாங்கூர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவன, கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் ஒருசேர ஒளிவிட்டு ஒருசேர அணையும் மின்மினிகளே. அவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரைக் கேட்டால் வேறோர் ஒளியைச் சொல்வர். கோழி கூவுமுன் பிரட்டுக் களத்தில் எரிந்த விளக்கின் ஒளி அது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியுள்ள பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் எழுந்து, பெயர் கொடுத்து, கத்தியும் வாளியுமாய் நிரைக்குப் போவதே தலைமுறை தலைமுறையாக வழக்கம். வெயில் ஏறினால் பால் குறையும் என்பதை அவர்கள் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. வாளியின் கனமே சொல்லிற்று. ஏன் குறைகிறது, பெருகி ஓடிய பால் இரண்டொரு மணி நேரத்தில் ஏன் தானே நின்றுவிடுகிறது என்னும் கேள்விகளுக்கு அளவையோடு கூடிய விடை 1960ஆம் ஆண்டுகளில்தான் கிடைத்தது.

விடை தேடிய இடமும் அதிகத் தொலைவில் இல்லை. 1925இல் அமைக்கப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து கெப்போங் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செல்லும் பழைய சாலை அவ்வூரைத் தொட்டுக்கொண்டுதான் ஈஜோக்கிற்குப் போகிறது.

பெயர் பொருந்திய விதம்

தோட்டத் தமிழர் இம்மரத்தைப் பால் மரம் என்றே அழைத்தனர். மரம் சீவுவது பால் வெட்டு. மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். எருக்கம்பால், கள்ளிப்பால், ஆலம்பால் என வழங்கிய நாவுக்கு இப்பெயர் இயல்பாகவே வந்தது. ஆங்கிலத்தார் வழங்கும் ‘லேட்டக்ஸ்’ என்ற சொல் இலத்தீனில் ஏதோ ஒரு நீர்மம் என்ற பொருளையே தரும். தமிழர் இட்ட பெயர் அதனினும் கூரியது. நிறத்தைக் கண்டு இட்ட பெயர்தான். ஆயினும் உள்ளமைப்பிலும் அது பொருந்திவிட்டது.

பசுவின் பாலில் கொழுப்பு நுண்துளிகளாக நீரில் மிதக்கிறது. மரப்பாலிலும் அவ்வாறே ரப்பர் நுண்துகள்களாக மிதக்கிறது. ஒரு துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. பல துகள்கள் அதனினும் மிகச் சிறியன. நூறு பங்கு பாலில் ரப்பர் 30 முதல் 40 பங்கு வரை இருக்கும். இத்தகைய கலவையைக் கூழ்மம் என்பர். ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. அப்போர்வை எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவன ஆதலால், முகங்கொடுத்துப் பேசாத பங்காளிகள் போலத் துகள்கள் ஒன்றை ஒன்று அண்டாமல் மிதக்கின்றன. பால் பாலாக இருப்பது இந்தப் பகையினால்தான். அமிலம் சேர்ந்தால் மின்னூட்டம் அழிகிறது. பகை தீர்ந்த துகள்கள் கூடிக் கட்டியாகின்றன. வீட்டில் உறை மோர் செய்யும் வேலையை ஆலையில் பார்மிக் அமிலம் செய்கிறது. எறும்பின் கடியில் உள்ள அமிலமும் அதுவே.

தயிர், இரத்தம், சவர்க்கார நுரை, மரப்பால் போல முழுத் திண்மமும் அல்லாத, வெறும் நீர்மமும் அல்லாத பொருள்களை ஆராயும் பௌதிகப் பிரிவுக்கு மென்பருப்பொருள் ஆய்வு என்று பெயர். அத்துறைக்காக 1991இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் பியேர்-ஜில் டி ஜென் தம் பரிசு உரையில் முதலில் எடுத்துக்காட்டியது பால் மரத்தையே. அமேசான் காட்டு மக்கள் காலில் அப்பாலைப் பூசிக்கொள்வர். காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் அது காலணியாகிவிடும். இருநூறு கரி அணுக்களில் ஒன்று ஆக்ஸிஜனோடு வினைபுரிவதே போதும், ஓடுகின்ற நீர்மம் இழுபடும் திண்மமாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். சிறிய மாற்றம் பெரிய விளைவைத் தருவதே இத்துறைப் பொருள்களின் இயல்பு. தமிழ்ப் பள்ளி வகுப்பில் கூழ்மத்துக்கு உதாரணம் தேடும் ஆசிரியர்க்குப் பிள்ளைகளின் பாட்டி தூக்கிய வாளியே போதுமானது.

விடியலின் அழுத்தம்

பால் மரத்தின் அடிமரத்தில் பால் நிற்பது கட்டையில் அன்று, பட்டையில். பட்டையின் உட்பகுதியில், வளர்படைக்கு வெளியே, மயிரிழையினும் நுண்ணிய குழாய்கள் வலைபோல் பின்னி, வளையம் வளையமாக மரத்தைச் சுற்றி நிற்கின்றன. இக்குழாய்கள் நேர் செங்குத்தாக நில்லாமல், கீழ் இடப்புறத்திலிருந்து மேல் வலப்புறமாகச் சில பாகை சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் கத்தி மேல் இடப்புறத்தில் தொடங்கிக் கீழ் வலப்புறமாக இறங்குகிறது. அவ்வாறு இறங்கினால் கூடுதலான குழாய்கள் வெட்டுப்படும். ஆழமும் அளவறிந்து வெட்ட வேண்டும். வளர்படைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நிறுத்தினால் பால் நிறைய வரும். அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழுந்து பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நானூறு ஐந்நூறு மரங்களில், நல்ல வெளிச்சம் வருவதற்கு முன்பே, கை மட்டுமே அறிந்து செய்த வேலை இது. இதைத் திறனில்லா வேலை என்று கணக்கில் எழுதிய காலமும் உண்டு.

அக்குழாய்களுக்குள் பால் சும்மா நிற்கவில்லை, இறுகி நிற்கிறது. எவ்வளவு இறுக்கம் என்று அளந்தவர்கள் ஆராய்ச்சிக் கழகத்தின் பட்டரி, போட்மன் என்னும் இருவர். ஒருமுனை மூடிய மிக மெல்லிய குழாயைப் பட்டையில் செருகினால், பால் புகுந்து உள்ளிருக்கும் காற்றை நெருக்கும். காற்று எவ்வளவு சுருங்கிற்று என்பதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடலாம். பள்ளியில் படிக்கும் பாயில் விதியே போதும். 1964இல் வெளியான அவர்களுடைய அளவீட்டின்படி விடியுமுன் பட்டைக்குள் இருந்த அழுத்தம் ஏறக்குறைய 8 முதல் 15 வளிமண்டல அளவு. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தம் இரண்டு வளிமண்டல அளவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வலிமை புலப்படும்.

பொழுது ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. போன நீரை ஈடுசெய்ய மரம் பட்டையிலிருந்தும் நீரை இழுக்கிறது. குழாய்களின் இறுக்கம் தளர்கிறது. அப்போது வெட்டினால் பாலைத் தள்ளும் விசை குறைவு. இரவில் இலை அடங்க, வேர் உறிஞ்சிய நீர் மீண்டும் பட்டையை நிரப்ப, விடியுமுன் இறுக்கம் உச்சத்தை எட்டுகிறது. பிரட்டு மணி அடிக்கப்பட்ட நேரத்தை முடிவு செய்தது மரத்தின் மூச்சுதான்.

பால் நிற்பது ஏன்?

இதனினும் கடினமான கேள்வி, ஓடும் பால் ஏன் நிற்கிறது என்பது. இறுக்கம் தளர்ந்தால் ஓட்டம் மெதுவாகும், அது சரி. ஆனால் மரம் வற்றிவிடவில்லை. பட்டைக்குள் பால் இன்னும் இருக்கவே, வெட்டுவாய் மட்டும் அடங்கிவிடுகிறது. போட்மன் எளிய ஒரு சோதனையைச் செய்தார். ஓட்டம் தணியும்போது அதே வெட்டை மீண்டும் மெல்லிய சீவலாகச் சீவினார். பால் மறுபடியும் பெருகிற்று. தணிந்ததும் மீண்டும் சீவினார், மீண்டும் பெருகிற்று. ஆகவே அடைப்பு இருப்பது குழாயின் வாயில் என்பது தெளிவாயிற்று. இம்முடிவு 1966இல் வெளிவந்தது. பேனாக்கத்தி அளவு கருவியால் இத்தனை பெரிய உண்மையைக் காட்டியது போற்றத்தக்கது.

அடைப்பை உண்டாக்குவது எது? பாலில் ரப்பர்த் துகள்கள் மட்டும் இல்லை. மிக விரைவாகச் சுழலும் பொறியில் புதுப்பாலை வைத்தால், மத்தால் கடைந்து வெண்ணெய் எடுப்பதுபோல ரப்பர் மேலே திரள்கிறது. நடுவில் தெளிந்த நீர். அடியில் மஞ்சள் சாயலுள்ள வண்டல். 1959இல் மொய்ர் என்பவர் இவ்வாறு பிரித்துப் பதினொரு படலங்களைக் காட்டினார். அடிவண்டலில் பெரும்பகுதி லூட்டாய்டு எனப்படும் நுண்பைகள். அவை ரப்பர்த் துகளைவிடப் பெரியன. மெல்லிய தோலால் ஆனவை. உள்ளே புளிப்பான நீரும், கால்சியம், மக்னீசியம் உப்புகளும், நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்களும் நிறைந்தவை.

வெட்டு விழுந்ததும் அழுத்தம் சரிகிறது. சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்து நீர் குழாய்க்குள் பாய்ந்து பால் நீர்த்துப்போகிறது. நீர்த்த பாலில் துகள்கள் திரளுவதை 1966இல் எஸ். டபிள்யூ. பாக்கியநாதன் போட்மனோடும் டேசமோடும் சேர்ந்து ஆராய்ந்து, குழாய்வாய் அடைபடுவதற்கு அதுவே வழியாகலாம் என்று எழுதினார். நீர்த்த சூழலில் நுண்பைகள் ஊதி உடைகின்றன. உள்ளிருந்த நேர்மின்னூட்டப் பொருள்கள் ரப்பர்த் துகள்களின் எதிர்மின்னூட்டத்தை அழிக்கின்றன. பகை தீர்ந்த துகள்கள் கூடுகின்றன. ஆலைத் தொட்டியில் அமிலம் ஊற்றி மனிதர் செய்வதை, மரம் தன் குழாய்வாயில் தானே செய்துகொள்கிறது. உறை மோரை அது பாலுக்குள்ளேயே தனிப் பைகளில் கட்டி வைத்திருக்கிறது! 1968இல் சதர்னும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விளக்கத்தை மேலும் உறுதிப்படுத்தின. காயத்தில் இரத்தம் உறைவதை ஒத்த தற்காப்பு இது.

மெட்ரோலாக்கும் கூலியும்

ஓட்டம் நின்ற பின்னரும் பௌதிகம் பால் வெட்டுவோரை விடவில்லை. மங்கில் நின்ற பாலில் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்கும்; சில மணி நேரத்தில் பால் திரியத் தொடங்கும். அதனால் வெயிலுக்கு முன் எடுத்து, அமோனியா சேர்த்துக் காக்க வேண்டியிருந்தது. மழை பெய்தாலோ பால் பட்டை முழுதும் பரவி வழிந்து மண்ணில் போகும். மங்கில் விழுந்ததும் நீர்த்துப்போகும்.

பால் நிறுக்கும் இடத்தில் கிராணி மெட்ரோலாக் என்னும் மிதவையைப் பாலில் இறக்குவார். ரப்பர் நீரைவிட எடை குறைந்தது. அதைச் சுற்றியுள்ள தெளிநீரோ வெறும் நீரைவிடச் சற்று எடை கூடியது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழ அமிழும். நீர்த்த பாலில் உயர்ந்து நிற்கும். அந்தக் கோட்டின் அளவைப் பாலின் எடையோடு பெருக்கினால் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்ற கணக்கு வரும். கூலியின் ஒரு பகுதி அக்கணக்கைப் பற்றியே அமைந்தது. பாலில் நுரை இருந்தாலும், அரைகுறையாகத் திரிந்திருந்தாலும், தெளிநீரின் அடர்த்தி மாறியிருந்தாலும் கோடு பிசகும். சிறிது பாலை எடுத்து உறையவைத்து, உருட்டி, உலர்த்தி நிறுப்பதே நம்பத்தக்க வழி. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் மிதவையே அன்றாடம் ஆண்டது. மிதவையின் அடிப்படையைத் தமிழில் விளக்கிச் சொல்லியிருந்தால், வரிசையில் நின்றவர்கள் கோட்டைத் தாமே பார்த்துக் கேள்வி கேட்டிருக்க முடியும்.

அடைப்பின் காரணம் புரிந்ததும் அதைத் தள்ளிப்போடும் வழியும் வந்தது. 1968இல் ஆபிரகாமும் பாக்கியநாதன் முதலியோரும் ஆராய்ந்து எழுதிய ஒரு மருந்து, பட்டையில் பூசினால் எத்திலீன் வாயுவை விடுகிறது. பால் ஒழுகும் நேரம் நீள்கிறது. எத்ரல் என்னும் பெயரில் அது தோட்டங்களுக்குப் பரவியது. அளவு மீறிப் பூசி, ஓய்வின்றி வெட்டிய மரங்களில் பட்டை வறண்டு பால் அற்றுப் போவதும் கூடவே காணப்பட்டது.

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் நிற்பது செம்பனை. மலேசியாவில் முதன்முதலாக வாணிக அளவில் அதை நட்டதும் இம்மாவட்டத்தில்தான்: 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமாராம் தோட்டத்தில். ஆராய்ச்சிக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்துள் அடங்கியது. சுங்கை பூலோ சோதனைத் தோட்டத்து நிலத்தில் குவாசா டமன்சாரா என்னும் புதுநகர் எழுந்து வருகிறது. மங்கு, நிரை, ஒட்டுப்பால் முதலிய சொற்களைப் பொருளோடு சொல்லத் தெரிந்தவர்கள் பழைய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகளின் அருகில் இன்னும் சிலர் இருக்கின்றனர்.