காலால் படிக்கும் எழுத்து

ஜப்பானில் ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது, தரையில் ஒரு மஞ்சள் பட்டை கூடவே வரும். சக்கரம் அதில் ஏறினால் கடகடவென்று அதிரும். நடைமேடை, படிக்கட்டு, டிக்கெட் வாசல், வெளியே கடைத்தெரு என்று அது போய்க்கொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது எழுத்து. கண் தெரியாதவர்கள் பாதத்தாலும் கைத்தடியாலும் படிக்கிற எழுத்து. ஜப்பானியர்கள் அதைத் 'தென்ஜி பிளாக்' என்கிறார்கள். தென்ஜி என்றால் பிரெயில் எழுத்து.

இதில் குறிகள் இரண்டுதான். நீளக் கோடுகள் புடைத்திருந்தால், இந்தத் திசையில் நடக்கலாம். வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால், நின்று கவனிக்க வேண்டும்: முன்னால் படிக்கட்டு இருக்கலாம், சாலை இருக்கலாம், பாதை பிரியலாம். புடைப்பின் உயரம் 5 மில்லிமீட்டர். செருப்பைத் தாண்டிப் பாதத்துக்கு எட்ட அது போதும். மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ள பலருக்கு எல்லாமே இருட்டு அல்ல, மங்கலாகவாவது தெரியும். கருத்த தரையில் மஞ்சள் அவர்கள் கண்ணில் படும்.

இதை உருவாக்கியவர் ஒகயாமா நகரத்தைச் சேர்ந்த செய்இச்சி மியாகே. பார்வை மங்கிவந்த நண்பர் ஒருவருக்கு உதவ நினைத்து 1965-இல் இதை வடிவமைத்தார். 1967 மார்ச் 18 அன்று, ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள ஒரு சாலைச் சந்திப்பில் முதன்முதலாக இந்த ஓடுகள் பதிக்கப்பட்டன. 1970-இல் ஒசாகாவின் அபிகோச்சோ நிலையத்தில் ரயில் நடைமேடைக்கும் வந்துவிட்டன. ஆனால் பல வருடங்கள் ஊருக்கு ஒரு வடிவமாகத்தான் பதித்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் எழுத்து மாறினால் படிப்பவர் என்ன செய்வார்? 2001-இல்தான் ஜப்பான் ஒரே தர அளவை வகுத்தது. 2012-இல் சர்வதேசத் தரமும் வந்தது.

என்னை மிகவும் ஈர்த்தது நடைமேடை விளிம்பில் செய்த ஒரு சிறு திருத்தம். அங்கே விளிம்பை ஒட்டிப் புள்ளி ஓடுகள் வரிசையாக ஓடும். கூட்டத்தில் இடிபட்டுத் திசை குழம்பிய ஒருவரின் தடியில் புள்ளி தட்டுகிறது. ஆபத்து என்று தெரிகிறது. ஆனால் எந்தப் பக்கம்? விலகுவதாக நினைத்துத் தண்டவாளத்தை நோக்கி அடி எடுத்து வைத்துவிடலாம். அதனால் புள்ளிகளின் உள்பக்கத்தில், நடைமேடையின் நடுவை நோக்கிய ஓரத்தில், ஒற்றைக் கோடு ஒன்றைச் சேர்த்தார்கள். கோடு தட்டும் பக்கம் பத்திரமான பக்கம். ஒரே ஒரு கோடு. உயிரைக் காப்பது அதுதான்.

ஓடு சொல்லாததை ஒலி சொல்கிறது. டிக்கெட் வாசலில் விட்டுவிட்டு ஒரு மணியோசை. நடைமேடைப் படிக்கட்டருகே பதிவுசெய்த பறவைக் குரல். மரத்தைத் தேட வேண்டாம், அது படி இருக்கும் இடத்தைச் சொல்லும் குரல்.

இத்தனை யோசித்துப் போட்ட பாதையை அடைக்க ஒரு சைக்கிள் போதும். ஜப்பானியக் கடைத்தெருக்களிலேயே ஓட்டின்மேல் சைக்கிள் நிறுத்துவது தீராத பிரச்சினை. கடைப் பலகை, சரக்குப் பெட்டி, கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கும் பயணி எல்லாமே அந்த எழுத்தின்மேல் கொட்டிய மைதான்.

சென்னை மெட்ரோ நிலையங்களிலும் இதே மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வெளிநாடோ உள்ளூரோ, அடுத்த முறை அந்தப் பட்டையைப் பார்த்தால் பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். ஓரடி தள்ளி நில்லுங்கள்.