காலக்கணக்கு – 14: தகைவிலான் கிளம்பும் பங்குனி

மார்ச் மூன்றாம் வாரம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணைப் பக்கம் போகிறவர்கள் சதுப்பு நிலத்தின் ஓரத்து மின்கம்பிகளை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். வால் பிளந்த, முதுகு நீலமாகப் பளபளக்கும் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குளிர்காலம் முழுவதும் இங்கே நீர்ப்பரப்பின் மேல் பூச்சி பிடித்துத் தின்றவை. சித்திரை பிறந்து சில நாட்களில் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். அவை இங்கே புறப்பட ஆயத்தமாகும் அதே வாரத்தில், ‘தகைவிலான் வந்து சேரும்’ என்று சீனர்களின் பழைய நாட்காட்டி குறித்து வைத்திருக்கிறது. அதே இனப் பறவைதான். வழியின் இந்த முனையில் நாம் இருக்கிறோம், அந்த முனையில் அவர்கள்.

சீன நாட்காட்டியில் மாதம் நிலவைப் பார்த்து நடக்கிறது, பருவம் சூரியனைப் பார்த்து நடக்கிறது. அதனால் அவர்களின் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே ஆண்டுதோறும் இடம் மாறும். உழவுக்கு அப்படி மாறும் நாள் உதவாது. எனவே சூரியன் ஓராண்டில் சுற்றிவரும் 360 பாகையைப் பதினைந்து பதினைந்து பாகையாக 24 பருவங்களாகப் பிரித்தார்கள். கி.மு. 139-இல் ஹான் பேரரசருக்கு அளிக்கப்பட்ட ‘ஹுவாய்நான்ட்சி’ நூலிலேயே இந்த 24 பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. 2016-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த பிரிவு. ஒவ்வொரு பருவத்தையும் ஐந்தைந்து நாளாக மூன்று கூறாக்கி, ஆண்டுக்கு 72 அடையாளங்களை வைத்தார்கள். பிப்ரவரி கடைசியில் காட்டு வாத்து வடக்கே திரும்பும். மார்ச் முதல் வாரத்தில் பீச் மரம் பூக்கும். மார்ச் 20 அல்லது 21-இல், பகலும் இரவும் சமமாகும் ‘சுன்ஃபென்’ பருவத்தின் முதல் ஐந்து நாள் தகைவிலானுக்கு. அடுத்த ஐந்து நாள் இடிமுழக்கத்துக்கு. ஏப்ரல் முடியும் தறுவாயில் கொண்டலாத்தி முசுக்கொட்டை மரத்தில் வந்து இறங்கும். மஞ்சள் ஆற்றுச் சமவெளியில் மனிதர்கள் கண்ணால் கண்டு எழுதியவை இவை. பருந்து குயிலினப் பறவையாக மாறும், வயல் எலி காடையாக மாறும் என்ற நம்பிக்கைகளும் நடுவில் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஐந்து நாளுக்கு ஒருமுறை வெளியே வந்து சுற்றிலும் பார் என்று சொல்லும் நாட்காட்டி உலகில் அபூர்வம்.

சீனர்களின் வசந்தம் பிப்ரவரி 4 வாக்கில் தொடங்கி மே முதல் வாரத்தில் முடிகிறது. சமநாள் அதன் நட்டநடுவில் நிற்கிறது. நமக்கு மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். இந்த வேறுபாட்டுக்கு நம் ஊரின் வெயில் ஒரு காரணம், வானியல் இன்னொன்று. நம் சூரிய மாதங்கள் விண்மீன்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. சீனப் பருவங்கள் சமநாளை வைத்து. பூமியின் அச்சு மெல்லத் தலை சுற்றுவதால் இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் வளர்ந்துகொண்டே போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மேட ராசிப் பிறப்பும் சமநாளும் ஒன்றாகவே இருந்தன. இன்று சமநாள் கழிந்து 24 நாள் ஆன பிறகே, ஏப்ரல் 14-இல், நமக்குச் சித்திரை பிறக்கிறது.

பறவைகள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பகல் நீள்வதை அவற்றின் உடல் உணர்கிறது. பங்குனியிலேயே பள்ளிக்கரணையில் வசந்தம் முழுவீச்சில் நடப்பது அதனால்தான். ஆனால் அது சீனத்து வசந்தத்தின் நேர் எதிர்ப்பக்கம். அங்கே வசந்தப் பருவங்களில் இரண்டுக்கு மழையின் பெயர். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த நீர் மாசியிலிருந்து இறங்கத் தொடங்குகிறது. சேறு வெளியே தெரிகிறது. சேற்றில் புழுவும் நத்தையும் கிடைக்க, உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் நெடும்பயணத்துக்கு முன் வயிறு நிறையத் தின்று கொழுக்கின்றன. குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் இருந்த மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகின்றன. வெள்ளை வயிற்றோடு வந்த மீசை ஆலாவுக்கு வயிறு கறுக்கிறது. ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் கூட்டம் கூட்டமாகக் குறைகின்றன. கரையோரம் புங்க மரம் தளிர்த்துப் பூக்க, குயில் விடாமல் கூவுகிறது.

இவை எல்லாம் நம் தினசரி காலண்டரில் இல்லை. ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கும் தாளில் ஒரு பறவைக்கு இடம் இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. நல்லவேளையாக அந்தக் கணக்கு வேறிடத்தில் எழுதப்பட்டு வருகிறது. விடியலில் தொலைநோக்கியோடு வரும் பறவை ஆர்வலர்கள், எந்த நாளில் எந்தப் பறவை எத்தனை என்று ‘இ-பேர்டு’ தளத்தில் பதிகிறார்கள். மரம் துளிர்ப்பதையும் பூப்பதையும் வாரந்தோறும் குறிக்க ‘சீசன்வாட்ச்’ இருக்கிறது. பள்ளி மாணவர்களும் அதில் சேரலாம். மஞ்சள் ஆற்றங்கரையில் அன்று நடந்ததும் இதே வேலைதான்.

எழுதுவதற்கு நிலம் மிஞ்ச வேண்டும். முன்பு பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு இது. குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியதில் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அந்த எல்லைக்குள் நீர் வருவதும் ஒக்கியம் மடுவு வழியாக வடிவதும் தடைபடாமல் இருந்தால்தான் மாசியில் சேறு தெரியும், பங்குனியில் மூக்கன் சிவக்கும்.

பள்ளிக்கரணைக்கென்று 72 அடையாளங்கள் எழுதச் சொன்னால், சித்திரையின் முதல் ஐந்து நாளை நான் மீசை ஆலாவுக்குத் தருவேன். வைகாசியில் ஓர் ஐந்து நாள், நீண்ட வால் முளைத்து நிற்கும் இலைக்கோழிக்கு. விருந்தாளிகள் போன பிறகும் இங்கேயே இருந்து குஞ்சு பொரிக்கும் பறவை அது. முட்டையை அடைகாப்பது ஆண்.

(தொடரும்)