திட்டத்தால் பலன் உண்டா? நாமே கேட்போம்

அரசு பல சுகாதாரத் திட்டங்களை நடத்துகிறது. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கட்டும் வரியில் இருந்து வருகிறது. சோப்பு வாங்கினாலும் அதன் விலையில் வரி இருக்கிறது. ஆகவே, "இந்தத் திட்டத்தால் என்ன பலன்?" என்று கேட்க நம் எல்லோருக்கும் உரிமை உண்டு.

"இத்தனை கோடி செலவு செய்தோம். இத்தனை பேருக்குக் கொடுத்தோம்" என்று விளம்பரம் சொல்லும். அது மட்டும் போதுமா? கொடுத்தது ஒரு கணக்கு. பலன் வேறு கணக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம்.

2005ஆம் ஆண்டு இந்திய அரசு ஜனனி சுரக்ஷா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏழைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொண்டால் உதவித்தொகை உண்டு. பின்தங்கிய மாநிலங்களில் கிராமத்துத் தாய்க்கு 1,400 ரூபாய் என்று வைத்தார்கள். தாய் சாகக் கூடாது, குழந்தை சாகக் கூடாது என்பதே நோக்கம். இந்தத் திட்டத்தை எப்படி எடை போடுவது?

முதல் கேள்வி: மக்கள் வந்தார்களா?

வந்தார்கள். 2005-06ல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது 100 பிரசவங்களில் 39 மட்டுமே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 89 ஆனது. இது ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய கணக்கு அல்ல. வீடு தேடிப் போய்ப் பெண்களிடமே கேட்டு எடுத்த கணக்கு.

இரண்டாவது கேள்வி: உயிர் பிழைத்ததா?

2004-06ல் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 254 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 97 ஆகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இது முழுக்க ஒரே திட்டத்தின் பலன் என்று சொல்லிவிட முடியாது. இந்த வருடங்களில் சாலை வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பெண்கள் அதிகம் படித்தார்கள். எல்லாம் சேர்ந்துதான் பலன் தந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் உயிர் பிழைக்காது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் அங்கே மருந்து வேண்டும். நர்ஸ் வேண்டும். ஏற்றுவதற்கு ரத்தம் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: விடுபட்டவர் யார்?

97 என்பது இந்தியா முழுவதற்கும் சராசரி. அதே 2018-20ல் கேரளத்தில் 19. அசாமில் 195! சராசரியை மட்டும் பார்த்தால் அசாம் தாயின் கஷ்டம் தெரியாது. ஊரிலும் அப்படித்தான். ஊருக்குள் மருந்து கிடைக்கும். மலையடிவாரக் குடிசைக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது கேள்வி: கைக்காசு செலவானதா?

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம் என்று 2011ல் அறிவித்தார்கள். அப்படியும் ஒரு குடும்பம் வெளியில் மருந்து வாங்க நகையை அடகு வைத்தால், அந்த இடத்தில் திட்டம் ஓட்டையாக இருக்கிறது என்று பொருள்.

எல்லாத் திட்டமும் ஒன்று போல் பலன் தருவதில்லை. ரத்தசோகையைத் தடுக்க இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் 1970ல் தொடங்கியது. இன்றும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் 2015-16ல் 100 பெண்களில் 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 2019-21ல் அது 57. மாத்திரை கைக்கு வந்தது. வயிற்றுக்குப் போனதா? குமட்டல் வருகிறது என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கீரையும் பருப்பும் வாங்கப் பலருக்குக் காசு இல்லை. மாத்திரையை மட்டும் எண்ணினால் இது எதுவும் தெரியாது.

படித்த அதிகாரிகள்தான் இதையெல்லாம் ஆராய வேண்டுமா? இல்லை. 2007ல் ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதார சேவையைக் கண்காணிக்கும் முயற்சி தொடங்கியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. மகாராஷ்டிரத்தில் கிராம மக்கள் கூடி மார்க் போட்டார்கள். சேவை நன்றாக இருந்தால் பச்சை. சுமாராக இருந்தால் மஞ்சள். மோசமாக இருந்தால் சிவப்பு. பிறகு பொது விசாரணைக் கூட்டத்தில் அதிகாரிகளை வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். பத்து வீடுகளுக்குப் போங்கள். கடைசித் தெருவை விட்டுவிடாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள்:

1. சுகாதார நர்ஸ் இந்த மாதம் வந்தாரா?
2. குழந்தைக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்றா?
3. ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்ததா? வெளியில் வாங்கச் சொன்னார்களா?
4. யாராவது லஞ்சம் கேட்டார்களா?

பதில்களைக் கூட்டிப் பாருங்கள். பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதைக் கிராம சபையில் படியுங்கள். நன்றாக வேலை செய்யும் நர்சைப் பாராட்டவும் மறக்காதீர்கள்.