நடுவுல ஒரு சுவர்... இருநூறு வருஷம்!

கிடார் பைத்தியமா நீங்க? அப்ப ஜிமி ஹென்ட்ரிக்ஸ் யாருன்னு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனா, அவரோட பக்கத்து வீட்டுக்காரர் யார்னு தெரியுமா? மேற்கத்திய இசை மேதை ஹாண்டல்! என்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல இருநூறு வருஷம் இடைவெளி. அவ்வளவுதான்!

லண்டன், மேஃபேர் ஏரியா, புரூக் தெரு. 25-ம் நம்பர் வீட்டுக்கு ஹாண்டல் குடிவந்தது 1723-ல். 1759-ல் இறக்கும் வரை அங்கேயேதான் வாடகைக்கு இருந்தார். புகழ்பெற்ற ‘மெசையா’வை 1741-ல் வெறும் 24 நாளில் எழுதி முடிச்சதும் இங்கேதான். பக்கத்து 23-ம் நம்பர் மாடி ஃப்ளாட்டுக்கு 1968-ல் காதலியோடு வந்து சேர்ந்தார் ஹென்ட்ரிக்ஸ். அடுத்த வீட்டில் வாழ்ந்தது யார்னு தெரிஞ்சதும், கடைக்குப் போய் ஹாண்டல் இசைத்தட்டுகளை அள்ளிட்டு வந்துட்டார் மனுஷன்!

ஆனா, வீட்டுக்கு நடந்த கொடுமை வேற. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஹாண்டல் வீட்டின் தரைத்தளம் கடையா மாறிடுச்சு. மரப்பலகைச் சுவர்கள், சமையலறை... எல்லாம் போச்சு. மாடி அறைகளை மீட்டு, 2001-ல் மியூசியமா திறந்தாங்க. ஹென்ட்ரிக்ஸ் ஃப்ளாட் 2016-ல் திறந்தது. தரைத்தளமும் அடித்தளச் சமையலறையும் பழைய கோலத்துக்குத் திரும்பினது 2023-ல். ஹாண்டல் இறந்ததும் எடுத்த சாமான் பட்டியல் இருந்ததால, எந்த அறையில் என்ன இருந்ததுன்னு தேடிப் பிடிச்சாங்க.

ஹைலைட், முதல் மாடி மியூசிக் ரூம்தான். 1735-ல் ‘அல்சினா’ ஓபராவின் முதல் ஒத்திகையை ஹாண்டல் நடத்தினது இந்த வீட்டில்தான். மீட்டெடுத்த அந்த ரூம்ல இப்பவும் கச்சேரி நடக்குது. ஒரு ஹார்ப்சிகார்ட், ரெண்டு மூணு கலைஞர்கள், எதிரே கொஞ்சம் நாற்காலி. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ‘சேம்பர் மியூசிக்’னா அதுதானே... சேம்பர்னா அறை! வயலின்காரர் மூச்சு இழுக்கிறதுகூட உங்க காதில் விழும். தப்பு பண்ணினா ஒளிய இடமில்லை. நீங்க செல்போனை நோண்டினா, அதுவும் அவருக்குத் தெரியும்!

பெரிய அரங்கத்தை எப்ப வேணா கட்டிக்கலாம். ஆனா, ஓர் இசை பிறந்த அறையை இடிச்சா, அந்த இசை எந்த அளவு இடத்துக்காக எழுதப்பட்டதுங்கிற சாட்சியும் சேர்ந்தே போயிடும்.

லண்டன் போக காசில்லையா பாஸ்? நோ ப்ராப்ளம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெண்ட் வீட்டு ஹாலில் பத்துப் பேர் உட்காருங்க. ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டு, ஒருத்தரை வாசிக்கச் சொல்லுங்க. ‘கேட்கிறது’ன்னா என்னன்னு அன்னிக்குப் புரியும்!