செவிலியர் தேர்வும் தராசும்

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ செவிலியர் படிப்பில் தேறியவர், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டு பணியில் சேரலாம். அமெரிக்கா செல்ல விரும்பினாலோ 'என்கிளெக்ஸ்' என்னும் உரிமத் தேர்வையும் எழுதவேண்டும். 1994 முதல் இதை நடத்துவது கணிப்பொறி.

ஆய்வுக்கூடத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடைக்கல் மிகுந்தால் குறைக்கிறோம், போதாவிடில் கூட்டுகிறோம். இங்கும் அதுவே. விடை சரியானால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆகவே வல்லவரும் சுமாரானவரும் ஏறத்தாழப் பாதி வினாக்களுக்கே சரியான விடை தருவர்! வேறுபடுவது வினாக்களின் கடினந்தான். 2023 முதல் குறைந்தது 85 வினாக்கள். அதன்பின், தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். இல்லையேல் 150 வரை நீளும். 85-இல் நின்றதும் கலங்குவோர் உண்டு. வீண் கலக்கம், தேறியவருக்கும் அங்கே நிற்கும்.

உரிமத் தேர்வு கேட்பது ஒன்றே: இவர் கையில் நோயாளியை நம்பி ஒப்படைக்கலாமா?

தீவிர சிகிச்சைக்கான 'சிசிஆர்என்' சான்றிதழ் வேறு வகை. உரிமம் உள்ளவர், ஈராண்டில் 1,750 மணி நேரமோ ஐந்தாண்டில் 2,000 மணி நேரமோ அத்தகைய நோயாளிகளைப் பேணியபின், விரும்பினால் எழுதலாம். எல்லோருக்கும் 150 வினாக்கள். தவறினாலும் உரிமம் போகாது. நம் நாட்டில் இதற்கு ஓரளவு ஒப்பானவை, பதிவுக்குப் பின் பயிலும் ஓராண்டுத் தனித்துறைப் பட்டயப் படிப்புகள்.